தளம் அடித்தவர்களின் பாட்டில் நான் வெட்டியது

ஒலிநாடாவை வெட்ட ஒரு சவர பிளேடு போதும். உறையைப் பிரிக்காமலே நெடுக்காக ஒடித்துப் பாதியை வைத்துக்கொள்வோம். கருவியில் நாடாவைப் படிக்கும் ஒலிமுனையின் மேல் அதைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல இழுத்தால், மனிதக் குரல் மாடு முனகுவதுபோலக் கேட்கும். அந்த முனகலுக்குள் சொல் எங்கே தொடங்குகிறது என்று காதால் தேடிப் பிடித்து, மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறி வைக்க வேண்டும். பிறகு அலுமினியக் கட்டையின் பள்ளத்தில் நாடாவைப் படுக்க வைத்துச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடம் ‘டக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிய துண்டை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டுநாடா போட்டு, நகத்தால் தேய்த்தால் வேலை முடிந்தது.

சென்ற மாதம் பழைய வானொலி நிலையத்துக்குப் போயிருந்தேன். இளம் அறிவிப்பாளர் ஒருத்தி கணினியில் ஒரு பேட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். திரையில் குரல் மலைத்தொடர்போல ஓடியது. தும்மலை அழித்தாள், கூடவே ஒரு சொல்லும் போய்விட்டது, ஒரு விசையைத் தட்டினாள், சொல் திரும்பி வந்தது.

“உங்க காலத்துல தப்பா வெட்டிட்டா என்ன சார் பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“ஒட்டிடுவோம்மா” என்றேன்.

அது முழு உண்மை இல்லை. நிலையத்தின் மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி அவள் கேட்டபோது, விட்டுப்போனதை இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் இதே ஊரில் தமிழ் முதுகலை படித்தவன். விண்ணப்பம் போட்டதும் வேலை கிடைத்ததும் தற்செயல். வெளியூரில் சில மாதப் பயிற்சி. நாடா சுற்றவும் கடிகாரத்தைப் பார்க்கவும் அங்கே கற்றேன். திரும்பியதும் நாட்டுப்பாடல் நிகழ்ச்சியைக் கொடுத்தார்கள். கால்மணி நேரம். பெரிய பெட்டிபோன்ற பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தவளக்குப்பம் பக்கத்து வயல்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் பேருந்தில் போவேன். சந்தோஷமான வேலை. பணிக்காலம் முழுவதும் காலையில் அலுவலகம் போக அலுத்துக்கொண்டதாக நினைவில்லை.

அப்போது நிலையத் தலைவராக இருந்தவரை எல்லோரும் முசே என்போம்; பிரெஞ்சில் ‘ஐயா’. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகத்தான் திரும்புவார். ஒலிபரப்புக்கு முந்தைய நாள் ஒவ்வொரு நாடாவையும் அவர் கேட்டாக வேண்டும். எங்களிடம் நல்ல ஒலிபெருக்கிகள் இருந்தன. அவர் அதில் கேட்கமாட்டார். அவருடைய மேசையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி இழுத்து இணைத்துத் தரச் சொல்லியிருந்தார்.

“சமையல்கட்டுல உளுந்து ஊறப்போடற பொம்பள கேக்கறதத்தான் நானும் கேக்கணும் தம்பி” என்பார்.

எங்களுக்கு முதுகைக் காட்டி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பிடித்திருந்தால் முடிந்ததும் ‘போன்’ என்பார். நல்லது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து போய்ச் சன்னல் கதவின் கொக்கியைச் சரிசெய்வார். அந்தக் கொக்கி கிளிங்கென்று விழும் ஓசைக்கு நிலையமே பயப்படும். நான் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் என் நாடாக்களுக்கு அவர் கொக்கியைத் தொட்டதில்லை. இருமல் இருக்காது, பேச்சு இருக்காது, காக்கை இருக்காது. ‘அவர் நாடா கழுவிவிட்ட மாதிரி இருக்கும்’ என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர்மேல் எனக்கு ரொம்ப ஆசை.

அந்த நாளில் ஒரு மழைக்காலத்துக்கு முன்பு, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய பங்களாவில் மாடித் தளம் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் நாள் கணக்கில் அதைத் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பார்கள். எல்லாக் கட்டையும் ஒன்றாக விழுந்தால் கலவை ஒன்றாக இறுகும். ஆளுக்கொரு பக்கம் விழுந்தால் உள்ளே பொக்கை நிற்கும்; முதல் மழையிலேயே ஒழுகும். கட்டைகளைச் சேர்த்து வைப்பதற்குத்தான் பாட்டு.

முன்பாட்டுக்காரி குப்பம்மாள். கட்டைக் குரல், ஆனால் எதிர்த் தெருவரைக்கும் கேட்கும்.

“மேற்க கறுக்குதடி, மேகம் தெரளுதடி,
மேஸ்திரி மொகம் பாத்தா மேகமே தோக்குதடி!”

வரிசை முழுக்க ‘ஓ’ என்று வாங்கிக்கொள்ளும். சில அடிகள் பாடியதும் குப்பம்மாள் ஒரு பெயரைச் சொல்லிக் கூவுவாள்: “ஏய் தனம், எடுடீ!” அதோடு அவள் பாடுவது நின்றுவிடும். பெயர் சொல்லப்பட்டவள் பாட்டை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் வரிசை கொஞ்சம் பின்னால் நகரும், கை மாற்றிக்கொள்ளும், நீர் தெளிக்கும். கட்டை மட்டும் நிற்காது.

தனம் என்பவள் வரிசையிலேயே சின்னவள். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு வாக்கப்பட்டுப் புதிதாக வந்தவள். எடுத்தாள். பாதியில் நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். குப்பம்மாள் அரை அடியை எடுத்துக் கொடுத்தாள். அதை விட்டுவிட்டு, என்னையும் என் ஒலிவாங்கியையும் பார்த்துத் தனம் தானாகவே ஒன்று கட்டினாள்.

“கறுப்புக் கம்பி நீட்டுறாரு, காத மூடிக் கேக்குறாரு,
காத்தோட போற பாட்டக் கயித்தால கட்டுறாரு!”

மாடியே சிரித்தது. மேஸ்திரிகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒலி அளவு மீறிக் கருவியில் ஊசி சிவப்புக்குப் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து அத்தனையையும் வெட்டினேன். பெயர் சொல்லிக் கூவிய இடங்கள், நகரும் இடைவெளிகள், தடுமாற்றம், சிரிப்பு, என்னைப் பற்றிய இரண்டு அடிகள் எல்லாம் போயின. குப்பம்மாளின் குரலும் ‘ஓ’வும் மட்டும் ஒரே ஓட்டமாக ஓடின. தனம் அதில் இல்லவே இல்லை.

முசே முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். முடிந்தது. ‘போன்’ வரவில்லை. எழுந்துபோய்க் கொக்கியைத் தூக்கி, திரும்ப மாட்டினார்.

“ரொம்பச் சுத்தமா இருக்கு தம்பி. ஆனா இதுல யாரும் வேல செய்யல. வெட்டின துண்டெல்லாம் வச்சிருக்கீங்களா?”

துண்டுகள் என் மேசைக்கு அடியில் குப்பைக்கூடையில்தான் இருந்தன. முடியாத காரியம் இல்லை. ஓர் இரவு உட்கார்ந்தால் ஒட்டியிருக்கலாம்.

“குப்பைக்குப் போயிடுச்சு முசே” என்றேன்.

வேறு நாடா கைவசம் இல்லாததால் அதுவே ஒலிபரப்பாயிற்று. கூடை மறுநாள் காலையில் காலியாகிவிட்டது. இதை எழுதும்போது என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. துண்டுகளை எடுத்துவந்திருந்தால் ‘கழுவிவிட்ட நாடா’ என்ற பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். அதற்காகப் பொய் சொன்னேன்.

அதன் பிறகு காலம் நன்றாகவே போயிற்று. முசே ஓய்வு பெற்றார். கான்கிரீட் வந்தது, தளம் அடிப்பது நின்றது. என் நாடா மட்டும் ஆண்டுதோறும் ஒலிபரப்பாகி நல்ல பெயர் எடுத்தது. நானும் அந்தப் பொய்யைக் கிட்டத்தட்ட மறந்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வு பெறவிருந்த ஆண்டில், கவிதா என்ற கட்டடக் கலைஞர் நிலையத்துக்கு வந்தார். பழைய வீடுகளை அவற்றின் முறையிலேயே புதுப்பிப்பவர்.

“சார், ஒரு மாடிக்குச் சுண்ணாம்புத் தளம் அடிக்கிறோம். சித்தாளுங்க எல்லாரும் காங்கிரீட்ல பழகினவங்க. கட்டை ஒண்ணா விழ மாட்டேங்குது. பாட்டு இருந்தா விழும்னு மேஸ்திரி சொல்றாரு. உங்ககிட்டப் பதிவு இருக்காமே?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாடாவைக் குறுந்தகட்டில் ஏற்றி நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் கலவை கொட்டிப் பரப்பியிருந்தார்கள். சித்தாள் பெண்கள் கட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் குப்பம்மாள் முழங்கினாள். முதலில் கட்டைகள் அழகாகச் சேர்ந்து விழுந்தன. கவிதா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. நகர இடமில்லை, கை மாற்ற இடமில்லை. ஒருத்தி பின்வாங்கினாள், அடுத்தவள் அதே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தாள், மூன்றாமவள் தண்ணீருக்குக் கை நீட்டினாள். கட்டைகள் கலைந்தன. பிறகு நின்றன.

வரிசையின் கடைசியில் இருந்த ஒரு பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “என்னா சார், உங்க பாட்டுக்காரிங்க மூச்சே உடமாட்டாங்களா?”

பக்கத்தில் இருந்தவள், “தண்ணி குடிக்க உடாத மேஸ்திரி மாதிரி இருக்குதுடி இந்தப் பாட்டு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவர்களுடைய மூச்சை எங்கெங்கே வெட்டினேன் என்பது வரிசையாக நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி கவலையோடு தரையைக் கட்டை நுனியால் தட்டிப் பார்த்தார். “கலவை இறுகிக்கினே வருது சார். நாளைக்கும் இப்பிடியே உழுந்தா மொத்தத்தையும் கொத்தித்தான் எடுக்கணும்.”

என்னைக் கேட்ட பெண்ணின் பெயர் ராஜி. அவள் சொன்னாள்: “எங்க அத்த தளம் அடிச்சவங்கதான் சார். ஆனா பாடமாட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா ‘ஓ’ன்னுவாங்களாம், அவ்ளோதான்.”

“அவங்க பேரு?”

“தனம்.”

அன்று மாலையே ராஜியோடு ரெட்டியார்பாளையத்துக்குப் பேருந்து ஏறினேன். ராஜியின் மாமியார் தனம் வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ‘ரேடியோ சார்’ என்று ராஜி அறிமுகப்படுத்தினாள். மாடிக்கு வந்து பாட்டை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டேன்.

“எங்கொரலு ரேடியோவுக்கு ஆவாது சார்” என்றாள் தனம், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒருவாட்டி புடிச்சிக்கினு போனாங்க. எங்க ஊட்டுக்காரரு ஆலை வாசல்ல இருக்கிற டீக்கடைல அத்தினி பேரையும் ஒக்கார வச்சி, எம்பொண்டாட்டி பாடறா கேளுங்கன்னாரு. கடைசி வரைக்கும் கேட்டாங்க. நான் வர்ல. அப்புறம் ஊரே கேலி பண்ணுச்சு. அதுக்கப்புறம் தளத்துல குப்பம்மாக்கா எத்தினி தரம் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க தெரியுமா? நான் எடுக்கவே இல்ல. அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க.”

“அத வெட்டினது நான்தாம்மா” என்றேன்.

கீரை உருவுவது நின்றது.

“நீங்களா?”

“நான்தான். நடுவுல தடுமாறினீங்க. ரேடியோவுல வந்தா நல்லா இருக்காதுன்னு நினைச்சேன். தலைவர் துண்டைக் கேட்டாரு. இருந்தும் இல்லன்னு சொல்லிட்டேன்.”

தனம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா இருக்காதுன்னு நீங்களே நெனச்சிக்கினீங்களா? என்னக் கேக்கவே இல்லியே.”

“கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா இன்னொரு தரம் பாடியிருப்பேன் சார்” என்றாள்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரைப் பதிவு செய்திருக்கிறேன். ஒருவரிடமும் ‘இது இருக்கட்டுமா, எடுக்கட்டுமா’ என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தால்தான் தெரியும் என்ற விஷயமும் இல்லை அது.

“போய்ட்டு வாங்க சார், இருட்டுது” என்று தனம் கீரையோடு உள்ளே போய்விட்டாள். ராஜி தர்மசங்கடத்தோடு என்னைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் காலை பதிவுக் கருவியோடு மாடிக்குப் போனேன். பதிவதற்கு ஏதாவது இருக்குமா என்று தெரியாது. வெறுங்கையோடு போகக் கால் வரவில்லை. பெண்கள் பாட்டில்லாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலங்கட்டி மழைபோல இருந்தது சத்தம். மேஸ்திரி யாரையும் பார்க்காமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறும் நேரத்தில் படிக்கட்டில் தனத்தின் தலை தெரிந்தது. என்னைப் பார்க்காததுபோல் கடந்துபோய், கைப்பிடிச் சுவரின் நிழலில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டாள். பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

“அடச்சீ, அரிசி புடைக்கிறீங்களா, தளம் அடிக்கிறீங்களா? நவுருங்கடி.”

ஒரு கட்டையை வாங்கிக்கொண்டு வரிசைக்குள் குந்தினாள். அவள் பாடத் தொடங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாடவில்லை. ‘ஓ’ என்று ஒரு குரல் கொடுத்து நாலு தட்டுத் தட்டினாள். வரிசை அவளோடு சேர்ந்தது. அது சேர்ந்ததும் கூவினாள்: “ஏய் ராஜி, எடுடீ!”

“எனக்குத் தெரியாது அத்த!”

“தெரிஞ்சவ எங்கடி இருக்கா இங்க? எடு. கட்டைய நிறுத்தாத.”

“என்னான்னு எடுக்கறது?”

“மாடி மேலன்னு எடு.”

“மாடி மேல…” என்றாள் ராஜி. நின்றுவிட்டாள். கட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. “மாடி மேல… மாடி மேல… அய்ய, வர்ல அத்த!” வரிசை சும்மா இருக்காமல் பின்னால் நகர்ந்தது, கை மாற்றியது. யாரோ கடுக்காய்த் தண்ணீர் தெளித்தார்கள். தனம் அரை அடி எடுத்துக் கொடுத்தாள்: “வெயிலு சுடுதுன்னு சொல்லேண்டி!”

ராஜி மூச்சை இழுத்துக்கொண்டு பாடினாள்:

“மாடி மேல வெயிலு சுடுது…
மாமியா வாயி அதுக்கு மேல சுடுது!”

ஒரு கணம் யாரும் ‘ஓ’ சொல்லவில்லை. எல்லோரும் தனத்தைப் பார்த்தார்கள். தனம் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகுதான் ‘ஓ’ கிளம்பியது; தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தார். அடுத்து ராஜி யாரையோ கூவினாள். அவள் எடுத்தாள், தடுமாறினாள், இன்னொருத்தி கை கொடுத்தாள். கவிதாவின் கைப்பையில் செல்பேசி அடித்தது; அதுவும் பாட்டுக்குள் போயிற்று. குப்பம்மாளின் மேகமும் ஒருமுறை வந்தது, தனத்தின் குரலில். ஊசி அடிக்கொருதரம் சிவப்புக்குப் போனது. நான் விட்டுவிட்டேன்.

கட்டை பட்டதும் துள்ளுமளவுக்கு இறுகும்வரை அடுத்தடுத்த நாட்களும் அடித்தார்கள். அந்தத் தளம் இப்போது பல மழைகளைப் பார்த்துவிட்டது. ஒழுகவில்லை என்று கவிதா ஒவ்வோர் ஐப்பசியிலும் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறார்.

தளம் அடிக்கும் வேலையின் கடைசி நாள், சாப்பாட்டு வேளையில் பதிவோடு மாடிக்குப் போனேன். நிலையத்தில் என் இளைய உதவியாளர், “நல்லாத்தான் இருக்கு சார், ஆனா அந்தப் பொண்ணு திக்கற எடத்த மட்டும் எடுத்துடலாமே” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. தடுமாற்றத்தை வெட்டி ஒருத்தியைக் குன்ற வைத்தவன் நான். அதை ஊரெல்லாம் கேட்க விட்டு இன்னொருத்தியைக் குன்ற வைத்துவிடக்கூடாதே என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

ராஜி சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காதுக் கருவியை மாட்டிவிட்டேன். மூன்று முறை ‘மாடி மேல’ என்று நிற்பதை அவள் கேட்பது முகத்திலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்தாள். பிறகு கண்கள் விரிந்தன. முழுவதும் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

“நீ நின்னுபோற எடம் இருக்கில்லம்மா” என்றேன். “அத எடுத்துடட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்றபடி செய்றேன்.”

“எடுத்தா எதுவரைக்கும் போவும் சார்?”

“நீ நிக்கற எடத்துலருந்து எல்லாரும் சிரிச்சு முடிக்கிற வரைக்கும். நடுவுல வெட்ட எடமில்ல.”

“அப்ப அத்த சிரிச்சதும் போயிடுமா?”

“போயிடும்.”

“அப்ப இருக்கட்டும் சார்.”

கைப்பிடிச் சுவரோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தனம் திரும்பினாள். “ஏண்டி, எஞ்சிரிப்பு அவ்ளோ நல்லாவா இருக்குது?”

“ஊட்லதான் சிரிக்கவே மாட்ற, ரேடியோவுலயாவது சிரி” என்றாள் ராஜி.

தனம் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். மாடிக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“எப்ப போடுவீங்க சார்? நேரத்தச் சொல்லிட்டுப் போங்க. டீக்கடைல ஆளுங்கள ஒக்கார வைக்கணும்.”